வேறொரு வானத்துக்குச் செய்த தொலைகாட்டி: வெள்ளவத்தையில் ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது கைமாறி வந்த ஒரு நியூட்டன் வகைத் தெறிப்புத் தொலைகாட்டி. ஆடியின் விட்டம் 114 மிமீ, குவியத்தூரம் 900 மிமீ. கூடவே குழாயைத் தாங்கித் திருப்பும் சிறிய ஈக்குவடோரியல் (ஈகியூ) மவுண்ட், மெல்லிய அலுமினிய முக்காலி. இடம், கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கை. வீட்டுக்குப் பின்வளவு கிடையாது. இருப்பது மொட்டைமாடியும் அதன் மூலையில் தண்ணீர்த் தாங்கியும்தான். காலம் 2026 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. தொலைகாட்டிக்குச் சொந்தக்காரி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, செலவுக்குச் சொந்தக்காரர் தகப்பன். மரவேலையும் ஆடி வேலையும் கொஞ்சம் தெரிந்த குடும்ப நண்பன் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

படம் நடுங்குகிறது, வியாழன் மங்கல், சனிக்கு வளையமே இல்லை. இவ்வளவுதான் முறைப்பாடு. "பெட்டியில 675 மடங்கு எண்டு போட்டிருக்கு, இங்க ஒண்டையும் காணேல்லை" என்றார் தகப்பன். கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை, அதாவது பார்வைத்துண்டு, நல்லதாக ஒன்று வாங்கினால் சரிவருமா என்பது அவருடைய கேள்வி.

கண்டுபிடித்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவியில் பெரிய பழுது எதுவும் இல்லை. ஆனால் அதைச் செய்தவர்கள் மனதில் வைத்திருந்தது 40, 50 பாகை வடக்கில் உள்ள குளிர்ந்த ஊர்களின் வானம். கொழும்பு இருப்பது 6.9 பாகையில், கடலோரத்தில், ஈரக்காற்றுக்குள். நாங்கள் செய்த திருத்தங்களில் பெரும்பாலானவை இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிய வேலைதான். பார்வைத்துண்டுக்குக் கடைசியில்தான் காசு போனது.

வாங்கிய சாமான் எப்படி?

தெரிந்தோ தெரியாமலோ தகப்பன் நல்லதைத்தான் வாங்கியிருந்தார். மலிவான ஆடிகள் பெரும்பாலும் கோள வடிவில் தேய்க்கப்படுபவை. முறைப்படி பரவளைவு வடிவம் வேண்டும். ஆனாலும் 114 மிமீ விட்டத்துக்கு 900 மிமீ குவியத்தூரம் இருந்தால், கோள ஆடியின் பிழை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும். அதே 114 மிமீயில் குட்டைக் குழாய் ஒன்றும் சந்தையில் கிடைக்கிறது: குழாய் அரை மீற்றர்தான், எழுதியிருப்பதோ 1000 மிமீ. அப்படியென்றால் படத்தைக் குவியத்துக்குக் கொண்டுவரத் திருப்பும் ஃபோக்கஸருக்குள்ளே குவியத்தூரத்தை நீட்டும் வில்லை ஒன்று ஒளிந்திருக்கிறது. அதை நேர்ப்படுத்துவது தொடக்கக்காரருக்குத் தலைவலி. பழைய சாமான் பார்க்கப் போகிறவர்கள் அளவுநாடா ஒன்றைக் கொண்டுபோனால் போதும். குழாயின் நீளம் குவியத்தூரத்துக்குக் கிட்டவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

675 மடங்கு என்பது கணக்கில் உண்மை. 4 மிமீ பார்வைத்துண்டு 225 மடங்கு தரும். அதற்கு முன் மூன்று மடங்கு பார்லோ வில்லையைப் போட்டால் 675. ஆனால் உருப்பெருக்கத்துக்கு மேல்வரம்பைக் கீறுவது ஆடியின் விட்டம். ஒரு மிமீக்கு இரண்டு மடங்கு என்பதுதான் நடைமுறைக் கணக்கு. ஆக இந்த ஆடிக்கு 228, அதுவும் காற்று அசையாத இரவில். அதற்கு மேலே போனால் மங்கல்தான் பெரிதாகும்.

சனியின் வழக்கு

வளைய முறைப்பாட்டில் தொலைகாட்டி குற்றமற்றது. சனியின் வளையத் தளம் 2025 மார்ச் 23 அன்று பூமியைக் கடந்தது. அதாவது வளையத்தை நாம் விளிம்போடு பார்க்கும் காலம். 2026 ஜனவரியிலும் சாய்வு மிகக் குறைவு. மாலையில் மேற்கே கடலுக்கு மேல் நின்ற சனியை நாங்கள் பார்த்தபோது, பந்தில் ஊசி குத்தியது மாதிரி ஒரு மெல்லிய கோடுதான்.

"மாமா, வளையம் உடைஞ்சு போச்சா?"

"இல்லைப் பிள்ளை, தட்டை விளிம்பில பார்க்கிறம். வருசா வருசம் விரியும். 2032ல நல்லா அகலமா நிக்கும்."

"அப்ப நான் கம்பஸ் முடிச்சிடுவன்."

முதல் தொலைகாட்டி வாங்கும் பலர் முதலில் திருப்புவது சனிக்குத்தான். அந்த வருடங்களில் வாங்கியவர்கள் எத்தனை பேர் கருவியைக் குறை சொல்லி மூலையில் வைத்தார்களோ. பழுது பார்க்க இறங்கும் முன் வானத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகு நாங்கள் சோதனைக்கு எடுத்தது வியாழனை. ஜனவரி 10 அன்று அது சூரியனுக்கு நேரெதிரே நின்றது. மிதுனத்தில், இரவு முழுக்க, உச்சிக்குக் கிட்டவாக.

முறை ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அதே வியாழன், அதே சிரியஸ் நட்சத்திரம். பிள்ளை கொப்பியில் எழுதிவைப்பாள்.

நிற்கும் இடம்

கால்களை முழுக்க நீட்டி, நின்றபடி பார்க்கும் உயரத்தில் வைத்திருந்தார்கள். அந்த நிலையில் குழாயை விரலால் தட்டினால் படம் ஓய ஆறேழு விநாடி எடுத்தது. 225 மடங்கில், திருப்பாமல் விட்டால், வியாழன் பார்வைப் புலத்தைக் கடக்க அரை நிமிடம்தான் ஆகும். ஃபோக்கஸரைத் தொட்டு, நடுக்கம் ஓயக் காத்திருந்து, கண்ணை வைப்பதற்குள் கோள் ஓரத்துக்குப் போய்விடுகிறது. பிள்ளை ஒரு தடவையும் சரியான குவியத்தில் வியாழனைப் பார்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கால்களை உள்ளே தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பார்த்ததும் நடுக்கம் பாதியாகக் குறைந்தது. முக்காலியின் தகரத் தட்டுக்குப் பதிலாகப் பிளைவுட் முக்கோணம் ஒன்றை இறுக்கினோம். நடுவிலிருந்து ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிட்டோம். கால்களுக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்தோம். இன்னும் கொஞ்சம் குறைந்தது. கரையோர ரயில் போகும்போது மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பேச்சை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கலாம் என்று தகப்பன் சொல்வதற்கு முன்பே அது போய்விடும்.

அடுத்தது ஈகியூ மவுண்ட். சிக்கலின் வேர் இங்கேதான். இந்த வகை மவுண்டின் ஓர் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். அப்போதுதான் ஒரே கைப்பிடியைத் திருப்பி நட்சத்திரத்தின் பின்னால் போகலாம். அதற்கு அச்சை வடக்கு நோக்கி, ஊரின் அகலாங்குக்குச் சமமான பாகையில் உயர்த்த வேண்டும். லண்டனில் 51. கொழும்பில் 7, ஏறக்குறையப் படுத்த நிலை. சாய்வைச் சரிசெய்யும் திருகாணி அவ்வளவு கீழே இறங்கும் முன்பே முட்டி நின்றது. குட்டையான ஆணி மாற்றியதும்தான் இறங்கியது. இறக்கிய பிறகு, கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக நிற்கும் ஒன்றை நோக்கித் திருப்பினால், எதிர் எடை வடக்குப் பக்கக் காலில் போய் இடித்தது. முக்காலியைச் சுற்றி வடக்கே கால் இல்லாமல் வைத்தால் இடிக்காது. ஆனால் மொத்தப் பாரமும் வடக்குப் பக்கம் தொங்குவதால் முழுச் சாமானும் கவிழப் பார்க்கிறது.

இதற்கு மேல் கையேடு சொல்கிறது: துருவ நட்சத்திரத்தைப் பார்த்து அச்சை நேர்ப்படுத்து. வெள்ளவத்தையில் துருவ நட்சத்திரம் 7 பாகை உயரத்தில், பம்பலப்பிட்டிக் கட்டடங்களுக்கும் நகர வெளிச்சத்துக்கும் பின்னால் எங்கேயோ இருக்கிறது. போன் திசைகாட்டியால் வடக்கைப் பிடிக்கலாம். கொழும்பில் காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் இரண்டு பாகையளவுதான் வித்தியாசம். கண்ணால் பார்க்க அது போதும். ஆனாலும் பிள்ளை தனியாக மேலே போய் அரை மணித்தியாலம் இதோடு மல்லுக்கட்டிவிட்டுப் பார்க்காமலே இறங்கி வந்தாள் என்றால், அந்த மவுண்ட் அவளுக்கு உதவவில்லை.

ஆகவே மவுண்டையே கழற்றிவிட்டு, டொப்சன் முறைப் பெட்டி ஒன்றைச் செய்யலாம் என்றேன். ஜோன் டொப்சன் 1960களில் சான் பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் தொலைகாட்டியை வைத்து வழிப்போக்கர்களுக்கு நிலவைக் காட்டியவர். மலிவான பலகையில், மேலும் கீழும் இடமும் வலமும் கையால் தள்ளும் பெட்டியை அவர் பரவலாக்கினார். தகப்பனுக்கு மனம் வரவில்லை. காசு கொடுத்து வாங்கியதைக் கழற்றி வைப்பதா? ஒரு வாரம் யோசித்தார். அப்புறம் அவரே மொரட்டுவைத் தச்சுப் பட்டறை ஒன்றிலிருந்து முக்கால் அங்குலப் பிளைவுட் வெட்டுத்துண்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார்.

பெட்டி இப்படி அமைந்தது. தொலைகாட்டியோடு வந்த வளையங்களே குழாயைப் பிடிக்கின்றன. அவற்றை ஒரு பலகைத் தொட்டிலில் இறுக்கி, இரு பக்கமும் 110 மிமீ எஸ்லோன் பைப்பின் மூடிகளைப் பொருத்தினோம். அந்த மூடிகள் பக்கப் பலகைகளின் வளைந்த வெட்டில் இருந்து, குழாயை மேலும் கீழும் சுழலவிடும். பெட்டியின் அடியில் ஃபோமைக்கா ஒட்டிய வட்டப் பலகை. அது உட்கார்வது மூன்று சிறிய பிளாஸ்டிக் துண்டுகளின் மேல். டெஃப்லொன் கிடைத்தால் அதுதான் சிறந்தது. எங்களுக்குக் கிடைத்தது மரக்கறி வெட்டும் வெள்ளைப் பலகை. அதை வெட்டிப் போட்டோம். முதலில் கொஞ்சம் இழுத்துப் பிடித்தது. ஃபோமைக்காவில் மெழுகுதிரியைத் தேய்த்ததும் வழுகியது. மூடி சுழலும் இடங்களிலும் அதே துண்டுகள்தான்.

தட்டினால் படம் ஓய இப்போது ஒரு விநாடி. கொப்பியில் அந்த இரவுக்கு எதிரே பிள்ளை எழுதியது: "வியாழனில் இரண்டு பட்டி. முதல் தரம்." வில்லையும் ஆடியும் இன்னும் கை படாமலே இருந்தன.

டொப்சன் பெட்டிக்கும் கொழும்பில் ஒரு குறை உண்டு, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சரியாகத் தலைக்கு மேலே இருப்பதைப் பின்தொடர அது திணறும். அங்கே இடம் வலம் தள்ளினால் குழாய் தன்னையே சுற்றும், நகராது. நமக்கோ கோள்களும் ஒரையனும் தலைக்கு மேலேயே போகின்றன. உச்சிக்கு ஏறும் முன்னோ, இறங்கிய பின்னோ பார்ப்பதுதான் வழி.

ஆடிகளை நேர்ப்படுத்தல்

சிரியஸைக் குவியத்திலிருந்து சற்று விலக்கிப் பார்த்தபோது வட்ட வட்டமாக வளையங்கள் தெரிந்தன, ஆனால் நடுக்கறுப்பு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. ஆடிகள் ஒரே கோட்டில் இல்லை. பழைய சாமானில் இது எதிர்பார்க்கக்கூடியதே. வாகனத்தில் ஏற்றி இறக்கினாலே குலையும்.

லேசர் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஃபோக்கஸரின் தூசி மூடியில் சரியாக நடுவே 2 மிமீ துளை போட்டோம். பிரதான ஆடியைக் கழற்றி, நடுமையத்தில் ஃபைல் கடதாசி ஓட்டைக்கு ஒட்டும் வளைய ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினோம். அந்த நடுப்பகுதி எப்படியும், ஒளியைப் பக்கவாட்டில் ஃபோக்கஸருக்குத் திருப்பும் சின்ன ஆடியின் நிழலுக்குள்தான் கிடக்கிறது, ஒளி எதுவும் வீணாகாது. பகலில், துளை வழியே பார்த்தபடி, சின்ன ஆடியின் மூன்று திருகாணிகளால் ஸ்டிக்கரை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு பின்பக்கத் திருகாணிகளால் பிரதான ஆடியைச் சாய்த்து, துளையின் பிம்பம் ஸ்டிக்கருக்குள் விழச் செய்ய வேண்டும். பிள்ளை இதை என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். இதைச் செய்யும்போது குழாயைக் கிடையாகப் பிடியுங்கள். சாவி கை நழுவினால் ஆடியில் விழாது.

கழற்றிய வேளையில் இன்னொன்றும் தெரிந்தது. ஆடியைப் பிடிக்கும் மூன்று பிடிகளும் தேவைக்கு மேல் இறுக்கியிருந்தன. இறுக்கினால் கண்ணாடி நுண்ணளவில் வளையும், நட்சத்திரம் முக்கோணமாகத் தெரியும். பிடிகளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு கடதாசி போய்வரும் அளவுக்குத் தளர்த்தினோம். ஃபோக்கஸர் குழாயின் ஆட்டத்துக்குக் குழாய் வேலைக்காரர் சுற்றும் வெள்ளை டேப் இரண்டு சுற்று.

ஆடியில் தூசியும் உப்புப் படலமும் இருந்தன. துடைக்கக்கூடாது, அலுமினியப் பூச்சு கீறிவிடும். குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு ஊறவைத்து, கடைசியில் பெற்றோல் ஷெட்டில் வாங்கிய பற்றரித் தண்ணீரால் அலசி, சாய்த்து உலரவிட்டோம். அது வடித்த நீர் என்பதால் கறை விடாது. அடிக்கடி செய்யும் வேலை அல்ல இது. கொஞ்சம் தூசி இருந்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஈரம்

பாதுகாப்பு என்று நினைத்து, தொலைகாட்டியை ஏசி அறையில் வைத்திருந்தார் தகப்பன். வெளியே எடுத்து மூடியைத் திறந்த உடனேயே ஆடியில் பனி படர்ந்தது. கொழும்பு இரவுக் காற்றின் பனிபடுநிலை 24 பாகை செல்சியஸுக்குக் கிட்டவாகவே இருக்கும். அதைவிடக் குளிர்ந்த கண்ணாடி எதுவானாலும் வியர்க்கும். கையேடுகள் சொல்வதோ, ஆடி குளிர்வதற்காக ஒரு மணித்தியாலம் முன்பே வெளியே வை என்று. இங்கே ஆடி சூடேறத்தான் காத்திருக்க வேண்டும், அதுவும் மூடிகளைத் திறக்காமல். இப்போது அது ஏசி இல்லாத அறையில் இருக்கிறது. பார்வைத்துண்டுகளும், குறிபார்க்க உதவும் ஃபைண்டரும் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பைகளோடு. நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால், மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பவும் போடலாம். வில்லையில் பூஞ்சணம் பிடித்தால் பூச்சையே அரித்துவிடும். அதற்கு மருந்து இல்லை.

கொங்கிரீட் தளமும் தன் பங்குக்குக் கெடுக்கும். பகல் வெயிலைக் குடித்துவிட்டு முன்னிரவு முழுக்க வெப்பத்தை வெளியே விடும், படம் கொதிக்கும். இரவு பத்து மணி தாண்டினால் அடங்கிவிடும். அதற்குச் செலவில்லை, பாடசாலை நாளில் அனுமதிதான் வேண்டும்.

வெளிச்சம்

ஒழுங்கை விளக்கு நேரே குழாய்க்குள் அடித்தது. புறக்கோட்டையில் வாங்கிய கறுப்பு வெல்வெட் துணியை ஃபோக்கஸருக்கு எதிர்ப்பக்கம் உள்ளே ஒட்டினோம். குழாயின் வாயில் கறுப்பு ஃபோம் சீட்டைச் சுருட்டி, விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீட்டிக் கட்டினோம். பனியையும் அது தள்ளிப்போடும். இரண்டும் உதவின. ஆனால் அவற்றைவிடப் பெரிய வித்தியாசத்தைத் தந்தது உடுப்புக் காயப்போடும் கொடியில் அம்மம்மாவின் பழைய கருநீலச் சேலையை மடித்துத் தொங்கவிட்டதுதான். பார்ப்பவரின் கண் இருட்டுக்குப் பழகினால்தான் மிச்சமெல்லாம். கொழும்பு வானத்தில் மங்கலான விண்மீன் மண்டலங்களைத் தேட முடியாது, அதை எந்தத் துணியும் மாற்றாது.

பார்வைத்துண்டு

கடைசியில் தகப்பனின் கேள்விக்கு வந்தோம். ஆம், மாற்றத்தான் வேண்டும். கூட வந்த 4 மிமீயின் துளை ஊசிமுனை அளவு. கண்ணை எங்கே வைப்பது என்றே தெரியாது. ஃபோக்கஸர் 1.25 அங்குலம் என்று உறுதி செய்துகொண்டு, ப்ளோசல் வகையில் 25 மிமீயும் 10 மிமீயும் வாங்கினோம்: 36 மடங்கும் 90 மடங்கும். முதல் மாதமே இவற்றை வாங்கியிருந்தால், நடுங்கும் முக்காலியில், நேர்ப்படாத ஆடியில், பனி படர்ந்த கண்ணாடியில் இவையும் வீண்பழி சுமந்திருக்கும். பிளாஸ்டிக் ஃபைண்டருக்குப் பதில் சிவப்புப் புள்ளி காட்டும் வகை ஒன்றும் வந்தது.

பெட்டிக்குள் 'சூரியன்' என்று எழுதிய, பார்வைத்துண்டில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்றும் கிடந்தது. சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டோம். ஆடி குவித்த வெப்பம் முழுக்க அதன் மேல் விழும். வெடித்தால் கண் போய்விடும். சூரியனைப் பார்ப்பதென்றால் குழாயின் முன்வாயை முழுதாக மூடும் சூரிய வடிகட்டி வேண்டும்.

இப்போது தெரிவது

வியாழனில் பட்டிகள், நான்கு நிலவுகள், ஒரு நிலவின் நிழல் கோளின் மேல் கறுப்புப் புள்ளியாக நகர்வது. ஒரையன் முகிலின் நடுவில் நான்கு நட்சத்திரங்களும் தனித்தனியாக. கார்த்திகைக் கூட்டம் 36 மடங்கில் புலத்தை நிறைக்கிறது. ஏப்ரலில் நள்ளிரவுக்குக் கிட்ட, இடிமுழக்க மேகம் விலகிய இரவுகளில், தெற்கே ஒமேகா சென்டோரி மங்கிய திட்டாகத் தெரிந்தது. அது உச்சத்திலும் 35 பாகைக்குத்தான் ஏறும். அதற்குப் பின்னால் 22 பாகை உயரத்துக்கு ஏறும் அல்ஃபா சென்டோரி 90 மடங்கில் இரண்டாகப் பிரிந்தது. லண்டன்காரர் ஊரில் இருந்தபடி இந்த இரண்டையும் ஒருபோதும் பார்க்க முடியாது. மவுண்டைக் குழப்பிய அதே 7 பாகைதான் இவற்றையும் தருகிறது.

ஈகியூ மவுண்ட் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் சித்தப்பா கேட்டிருக்கிறார், கமராவை ஏற்றி நட்சத்திரங்களைப் படம் பிடிக்கவாம். அங்கே 9.7 பாகை, எதிர் எடை அங்கேயும் காலில் முட்டும் என்று சொல்லியாயிற்று. குட்டை ஆணியையும் சேர்த்துப் பார்சல் கட்டச் சொன்னார்.